வாசகர் கேள்வி – பதில்: பழி முழுக்க அலனுக்கா?

கனடாவில் சொந்தக்காரர் இல்லாத வீடு வன்னியில் குறைவு. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு எல்லை தாண்டினால் பஃபலோ. அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் அனேகமானவை பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கன் புட்போல் அணியையும் அதன் குவாட்டர்பாக் ஜோஷ் அலனையும் பற்றியவை.

கேள்வி: நாங்கள் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த அமெரிக்கன் புட்போலில் ஒருவரை மட்டும் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள்? (வாசகர், பரந்தன்)

பதில்: நான்கு முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து பெரும்பாலும் எதிரணிக்குப் போய்விடும். அந்த ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பாக்கின் கைக்கு. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்பதை மூன்று நான்கு செக்கனில் அவர் முடிவெடுக்க வேண்டும், அதுவும் 120 கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் அவரை விழுத்தப் பாய்ந்து வரும்போது. ஆனால் எதிரணி பந்தை வைத்திருக்கும் நேரம் முழுவதும் அவர் மைதானத்துக்கு வெளியில்தான் நிற்பார். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: ஸ்காபுரோவில் இருக்கும் என் மச்சான் பில்ஸ் ரசிகன். அவனே "பெரிய ஆட்டம் என்றால் அலன் கைவிட்டு விடுவான்" என்று ஒவ்வொரு தை மாதமும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதுகிறான். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் நான்கு முறை தோற்றது உண்மைதானே அண்ணை? (வாசகர், மல்லாவி)

பதில்: உண்மைதான் தம்பி. 2021, 2022, 2024, 2025, நான்கும் ஜனவரியில் நடந்த பிளேஓஃப் ஆட்டங்கள், அதாவது தோற்றால் வெளியே போகிற ஆட்டங்கள். ஆனால் 2022 ஆட்டத்தை மச்சான் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அலன் நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்தார், நான்கையும் பிடித்தவர் கேப் டேவிஸ். கடைசி டச்டவுனோடு பில்ஸ் 36-33 என்று முன்னால் நிற்கிறது, மிச்சம் 13 செக்கன். அந்த 13 செக்கனுக்குள் சீஃப்ஸின் பட்ரிக் மஹோம்ஸ், ரைரீக் ஹில்லுக்கு எறிந்து 19 யார்ட், ட்ராவிஸ் கெல்சிக்கு எறிந்து 25 யார்ட் எடுத்துவிட்டார், பிறகு 49 யார்ட் தூரத்திலிருந்து உதைத்துச் சமப்படுத்தினார்கள். மேலதிக நேரத்துக்கு நாணயம் சுண்டினார்கள், அதிலும் சீஃப்ஸே வென்று முதல் தடவையிலேயே டச்டவுன் போட்டது. ஆட்டம் 42-36 என்று முடிந்துவிட்டது. 13 செக்கன் மிச்சமிருந்தபோது மைதானத்தை விட்டு வந்த அலனுக்குப் பந்தைத் தொட மறுபடி வாய்ப்பே கிடைக்கவில்லை, அப்புறம் எப்படி அவர் கைவிட்டார் என்று சொல்வது? அது நியாயமில்லை என்று லீக்கே உணர்ந்து, பிளேஓஃப் மேலதிக நேரத்தில் இரண்டு அணிக்கும் ஒரு தடவையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று அதே ஆண்டு விதியை மாற்றியது.

2025 ஜனவரி கொஞ்சம் வேறு. பில்ஸ் 22-21 என்று முன்னுக்கு நிற்கும்போது நான்காவது முயற்சியில் ஒரு யார்ட் தேவை. அலன் பந்தோடு கூட்டத்துக்குள் தலையைக் குனிந்து பாய்ந்தார், பந்து எங்கே நின்றது என்பதில் கோட்டோர நடுவர்கள் இரண்டு பேருக்கும் இரண்டு கணிப்பு, கடைசியில் எட்டவில்லை என்று தீர்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பில் மனம் ஆறவில்லை. இருந்தாலும் 32-29 என்று பின்னால் நிற்கும்போது கடைசிப் பந்து அலனிடம்தான் வந்தது, நான்காவது முயற்சியில் 5 யார்ட் தேவை, ஆட்கள் பாய்ந்து வர அவர் பின்னால் விழுந்துகொண்டே தூக்கி எறிந்ததை டால்டன் கின்கெய்டால் பிடிக்க முடியவில்லை. அந்தத் தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான்கு தோல்விக்கும் அவரே பொறுப்பு என்றால், மூன்று ஆட்டங்களில் 32, 38, 42 என்று புள்ளிகளை விட்டுக்கொடுத்த தடுப்பு ஆட்டக்காரர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: 2024 பருவத்தின் சிறந்த வீரர் விருதை பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜக்சனிடமிருந்து பறித்துத்தானே அலனுக்குக் கொடுத்தார்கள்? கணக்கைப் பாருங்கள். (வாசகி, விசுவமடு)

பதில்: கணக்கில் ஜக்சன்தான் மேலே, மறுக்க மாட்டேன் தங்கச்சி. எறிந்த டச்டவுன் ஜக்சனுக்கு 41, அலனுக்கு 28. எதிரணியிடம் பறிகொடுத்த எறிவுகள் ஜக்சனுக்கு 4, அலனுக்கு 6. வாக்கிலும் இழுபறிதான், முதலிட வாக்குகள் அலனுக்கு 27, ஜக்சனுக்கு 23. ஆனால் அலன் ஓடியே 12 டச்டவுன் போட்டார், அதுவும் முதன்மைப் பிடிப்பாளர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்ட அணியில். ஜக்சனுக்கோ பக்கத்தில் பந்தோடு ஓடுவதில் பெயர்போன டெரிக் ஹென்றி இருந்தார். நான் வாக்களித்திருந்தாலும் அலனுக்குத்தான் போட்டிருப்பேன். உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: மஹோம்ஸ், அலன் இரண்டு பேரில் யார் பெரியவர்? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இன்றைய தேதிக்கு மஹோம்ஸ். மூன்று சுப்பர் போல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, வென்றவர். 2021 முதல் 2024 வரை லீக் ஆட்டங்களில் ஆண்டுக்கொரு தடவை மோதி நான்கிலும் அலன்தான் வென்றார் என்றாலும், தை மாதத்து ஆட்டத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: பில்ஸுக்கு இனி யார் யாரால் ஆபத்து? ஒரு சுப்பர் போலாவது வெல்வார்களா? என் அண்ணா ரொறன்ரோவில் அலாரம் வைத்துக் காத்திருக்கிறார். (வாசகி, வவுனியா)

பதில்: அண்ணாவுக்கு அலாரம் தேவையில்லை பிள்ளை, அங்கே அது ஞாயிறு மாலை. எங்களுக்குத்தான் திங்கள் விடிய 5 மணி, காலபோக அறுவடை நேரம் வேறு.

1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சுப்பர் போலுக்குப் போய் நான்கிலும் தோற்ற அணி இது. முதலாவதில் 47 யார்ட் உதை வலப்பக்கம் விலகிப் போய் 20-19 என்று தோற்றார்கள். ஆபத்து என்றால் நான் சீஃப்ஸை விட ரேவன்ஸுக்குத்தான் பயப்படுவேன். 2024 செப்டெம்பரில் அவர்கள் பில்ஸை 35-10 என்று மிதித்தார்கள். அடுத்த ஜனவரியில் பில்ஸ் 27-25 என்று தப்பியது, ரேவன்ஸின் மார்க் அன்ட்ரூஸின் கைக்கு வந்த, சமப்படுத்தியிருக்கக்கூடிய பந்து நழுவியதால். சின்சினாட்டியின் ஜோ பரோவும் இருக்கிறார், 2024இல் 43 டச்டவுன் எறிந்தும் அணி பிளேஓஃபுக்கே போகவில்லை, காரணம் அங்கும் தடுப்புத்தான். சீஃப்ஸும் அசைக்க முடியாத அணி இல்லை. 2025 பெப்ரவரி சுப்பர் போலில் பிலடெல்பியா ஈகிள்ஸ் மஹோம்ஸை ஆறு தடவை விழுத்தி 40-22 என்று வென்றதே. கூடுதல் ஆட்களை அனுப்பாமல் முன்வரிசை நால்வரை வைத்தே ஈகிள்ஸ் அதைச் செய்தது. பில்ஸிடம் இல்லாதது அப்படியொரு முன்வரிசை. அது கிடைத்தால் வெல்வார்கள் என்று நான் நம்புகிறேன். அலனுக்கு இன்னொரு விருது கிடைப்பதை விட அதைத்தான் விரும்புகிறேன்.