மரம் செதுக்கப் பழக எந்தக் கத்தி நல்லது?
கொழும்பில் இருந்து மரம் செதுக்கப் பழகுகிறேன், எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மடக்குக் கத்தி மட்டும் வேண்டாம். அழுத்தும்போது மடங்கினால் விரல் போய்விடும். 4 முதல் 6 சென்ரிமீற்றர் வரை அலகு போதும். நீண்டால் நுனி கைக்கு அடங்காது.

கார்பன் ஸ்டீல்தான் என் தெரிவு. தீட்டச் சுலபம், கூரும் நன்றாக ஏறும். ஆனால் எங்கள் கடற்காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். சுவீடன் தயாரிப்பான மோரா 120 கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

புறக்கோட்டையில் மலிவாக ஏதாவது அகப்பட்டாலும் பரவாயில்லை, தீட்டத் தெரிந்தால். பழைய தோல் பெல்ட்டில் அடிக்கடி இழுத்தாலே கூர் நிற்கும். மொட்டைக் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும்.

தேக்கில் தொடங்காதீர்கள். அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்கப் பாவிக்கும் கதுரு போன்ற மென்மையான மரம் தேடுங்கள்.