பழைய பி.எம்.டபிள்யூவா, புது டிசையரா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தேங்காய் உலர்களம் வைத்திருக்கிறோம். கோவையில் 2014 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி ஒன்று ஒன்பது லட்சத்துக்கு வருகிறது, 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதே காசுக்குப் புது டிசையர் எடுக்கச் சொல்கிறார் அப்பா. வீட்டுக்கு ஒரே கார்தான். எதை எடுக்கலாமுங்க?

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள். உங்கள் ஆசையும் தப்பில்லை. சேலம் ரோட்டில் 100-ல் போகும்போது அந்த வண்டி தரையைக் கவ்விக்கொண்டு ஓடும் சுகம் டிசையரில் வராது. ஆனால் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் விலை இறங்கவில்லை.

முக்கியமாக டைமிங் செயின், அதாவது இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தப்பாமல் ஓட வைக்கும் சங்கிலி. அந்தக் காலத்து 320டி-யில் இருக்கும் என்47 டீசல் இன்ஜினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்றுவதென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். கூலியே பெரிய தொகை. மாற்றாமல் விட்டு அறுந்துபோனால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் காலி. அதனால் பார்க்கப் போனால் காலையில் போங்கள். முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது செயின் இருக்கும் பானட்டின் பின்பகுதியில், முன் கண்ணாடிப் பக்கம் நின்று காது கொடுங்கள். கரகரவென்று உரசல் கேட்டால் பேரமே வேண்டாம்.

அப்புறம் உங்கள் இட்டேரி. டிராக்டர் போய்ப் போய் நடுவில் மேடு தட்டிய தடத்தில் இந்த வண்டியின் அடிவயிறு உரசும். காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-பிளாட் டயர் என்பதால் பெரும்பாலும் ஸ்டெப்னியும் இருக்காது. ஊர் பஞ்சர் கடையில் அந்த டயரைக் கழற்றவே திணறுவார்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்கு தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஜீரோ டெப் இன்சூரன்ஸும் பொதுவாகக் கிடைக்காது. ஆர்.சி. 2029-ல் முடியும், பிறகு எஃப்.சி. காட்டி ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டும்.

சின்ன வண்டி என்றால் தகரம் என்ற பேச்சு டிசையருக்குப் பொருந்தாது. 2024-ல் வந்த மாடலுக்கு குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார். எல்லா வேரியன்டிலும் 6 ஏர்பேக்.

இரண்டாவது காராக, ரிப்பேருக்கென்று இரண்டு லட்சம் தனியே ஒதுக்கி வைத்து எடுப்பதானால் நான் தடுக்க மாட்டேன். அப்போதும் சேசிஸ் எண்ணை வாங்கி சர்வீஸ் ரெக்கார்டைப் பாருங்கள். எண்ணைத் தர இழுத்தடித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.