டெல்டாவிலிருந்து குடியரசுத் தலைவர் வரை: ஆர்.வி. கடந்த படிகள்

கேள்வி: நம் தஞ்சை டெல்டாவில் பிறந்து குடியரசுத் தலைவரானவர் யார்? எப்படி அங்கே போனார்?

ஆர். வெங்கட்ராமன். 1910இல் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர். வக்கீல், 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். 1952இல் தஞ்சாவூரிலிருந்து மக்களவைக்குப் போனார். 1957இல் மறுபடி ஜெயித்தும் அந்தப் பதவியை விட்டுவிட்டு, காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். பத்து வருடம் தொழில்துறையைப் பார்த்தார். திருச்சி பெல் தொழிற்சாலை வந்ததும் அந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால், டெல்லி பதவிகளைவிட இந்தப் பத்து வருடம்தான் பெரிது.

அப்புறம் 1980இல் மத்திய நிதியமைச்சர், 1982இல் பாதுகாப்பு, 1984இல் குடியரசுத் துணைத் தலைவர், 1987இல் குடியரசுத் தலைவர்.

அங்கே உட்கார்ந்து வெறுமனே கையெழுத்துப் போடவில்லை. 1989 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக இடம் பிடித்த கட்சி என்பதால் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி.பி. சிங்குக்கு வாய்ப்பு. ஐந்து வருடத்தில் ராஜீவ், வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டார். 1992இல் ஓய்வு, 2009 ஜனவரியில் மறைந்தார்.