உடன் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்மேல் விருப்பம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒரே அலுவலகம், எட்டு மாதப் பழக்கம். நேரில் சிரித்துப் பேசுகிறாள். வாட்ஸ்அப்பில் மட்டும் நீலக் குறி விழுந்த பிறகும் மணிக்கணக்கில் பதில் இல்லை, இதற்கு என்ன அர்த்தம் என்கிறீர்கள். சிரிப்புக்கும் நீலக் குறிக்கும் அர்த்தம் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் அந்தப் பக்கம் நின்றவள், அதனால் சொல்கிறேன்.

2011இல் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு மழை நாளில், உடன் வேலை பார்த்தவர் நனைந்துகொண்டே கிளம்பினார். எனக்கு பஸ் நிறுத்தம் வாசலிலேயே என்பதால் என் குடையைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த குடையை விரித்தபோது, உள்ளேயிருந்து நான்கு பக்கக் கடிதம் விழுந்தது. நான் அவரைப் பார்த்துச் சிரித்த நாள்கள், மஞ்சள் சுடிதார் அணிந்து வந்த நாள்கள், அவர் மேசைப் பக்கம் திரும்பிய நேரங்கள், எல்லாம் தேதியோடு இருந்தன. குடை கொடுத்த நாளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அந்தத் தேதிகளைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் மாலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார். 5.40 பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக அலுவலகத்துக்குள்ளேயே காத்திருக்கத் தொடங்கினேன்.

இந்தத் தவறு அவர் ஒருவருடையது மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா ஆபி 1982இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசினார்கள். இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து அதைக் கவனித்தார்கள். பேசிய ஆண்களானாலும் சரி, பார்த்த ஆண்களானாலும் சரி, அந்தப் பெண்ணின் சாதாரண நட்பைப் பெண்களைவிட அதிகமாக ஈர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அதே அலுவலகத்தில் பிறகு சேர்ந்த ஒருவர், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்த வாரத்தில், தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தார். "சனிக்கிழமை போகிறேன். விருப்பம் இருந்தால் வாருங்கள், வேலை இருந்தால் பரவாயில்லை" என்றார். அன்று அத்தை வீட்டில் விசேஷம். "சனிக்கிழமை முடியாது, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குமேல் வரட்டுமா?" என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன். அது கல்யாணத்தில் முடியவில்லை, அது வேறு கதை. ஆனால் அவரை இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். மறுப்பதற்கு எளிதான சின்ன அழைப்பு ஒன்றை வையுங்கள். வர முடியாவிட்டாலும், விருப்பம் இருந்தால் அவளே வேறு நாள் சொல்வாள். வீட்டில் வெளியே விடாத பெண்ணாக இருந்தாலும், "மதியம் இங்கேயே சாப்பிடலாமே" என்றாவது சொல்வாள். "பார்க்கலாம்", "வேலை இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றினால், அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாளையும் உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டிய இடத்தில், பல பெண்களால் அதற்குமேல் வெளிப்படையாகச் சொல்ல முடிவதில்லை. விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் பின்தொடர்வது, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

நண்பனைத் தூது அனுப்பாதீர்கள். நள்ளிரவில் செய்தி வேண்டாம், மற்றவர்கள் எதிரிலும் வேண்டாம். பகலில், நேரில், இரண்டு வாக்கியத்தில் கேளுங்கள். இல்லை என்று தெரிந்தால் வலிக்கும், சில நாள் தூக்கம் வராது. ஆனாலும் மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் இருக்கையில் போய் உட்காருங்கள். அந்தக் கடிதம் எழுதியவர் அப்படிச் செய்திருந்தால், நான் அந்த 5.40 பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போயிருப்பேன்.