எந்த மெஹந்தி பாணியை முதலில் கற்பது?

வணக்கம் அக்கா,

ஆறு மாதமாக வீடியோ பார்த்து மெஹந்தி பழகுகிறேன். பார்த்ததை அப்படியே போட வருகிறது. ஆனால் அரபிக் போட்டாலும் ராஜஸ்தானி போட்டாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. கோடும் நடுநடுவே அறுந்துவிடுகிறது. எந்த பாணியை முதலில் கற்கட்டும்? கடைக் கோன் போதுமா?

எஸ்., கடையநல்லூர்

அன்புள்ள எஸ்.,

எல்லாக் கோட்டையும் ஒரே கனத்தில் இழுக்கிறீர்கள். அதனால்தான் எந்தப் பூவைப் போட்டாலும் ஒன்றுபோலத் தெரிகிறது. கோட்டின் கனத்தையும், கையில் எவ்வளவு இடத்தைச் சும்மா விடுகிறோம் என்பதையும் வைத்தே பாணிகள் பிரிகின்றன.

கலீஜி என்கிற வளைகுடா பாணியில் தொடங்குங்கள். மணிக்கட்டின் ஓரத்திலிருந்து ஆள்காட்டி விரல் வரை சாய்வாக ஒரே கொடி. மற்ற இடமெல்லாம் காலி. ஒரு இதழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பைக் கோனை நன்றாக அழுத்திக் கனமாகப் போடுங்கள். அது காய்வதற்குள், அந்த விளிம்பிலிருந்து பூவின் நடுவை நோக்கி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே சின்னச் சின்னதாக இழுங்கள். முனை மெலிந்து மறைய வேண்டும். இந்த நிழல் கைக்கு வந்துவிட்டால் அழுத்தம் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். புறங்கைத் தோலில் உள்ளங்கை அளவுக்கு நிறம் ஏறாது. கனமான கோடு அங்கேதான் எடுபடும்.

அடுத்தது மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பாணி. அங்கே கோனுக்குப் பதில் சிரிஞ்சில் போடும் வழக்கம் உண்டு. கோடு கடைசிவரை ஒரே கனம். சாய்சதுரம், முக்கோணம், குட்டி நேர்கோடுகள். முதலில் நடுவில் அச்சுக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் கட்டம் பிரித்த பிறகே நிரப்ப வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நான்காவது கட்டத்திலேயே கோணல் தெரியும். புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

ராஜஸ்தானியைக் கடைசிக்கு வையுங்கள். மயில், மாங்காய், ஜாலி என்கிற வலைப்பின்னல் எல்லாம் அதில் நெருக்கமாக வரும். வெளிக்கோடு கனமாக, உள்கோடு மயிரிழையாக இருந்தால்தான் உருவம் பிரிந்து தெரியும். இரண்டு கோன் வைத்துக்கொள்வதே நல்லது: ஒன்றின் முனை அகலம், மற்றது ஊசிமுனை.

கோடு அறுவது பெரும்பாலும் விழுதின் குறை. தலைக்குப் பூசும் பொடி கொரகொரப்பாக இருக்கும். ஒரு நார் முனையில் சிக்கினாலே போதும். கைக்கென்று நைசாகச் சலித்த பொடியைக் கேட்டு வாங்குங்கள். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற ராஜஸ்தானின் சோஜத் பொடி நம்பகமானது. 100 கிராம் பொடிக்குச் சுமார் 250 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, 30 மில்லி லாவெண்டர் எண்ணெய். நம் வெயிலுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் மூடி வைத்து, நைலான் துணியில் வடிகட்டுங்கள். கரண்டியிலிருந்து நாடாபோல அறாமல் விழ வேண்டும். சர்க்கரை குறைந்தால் காய்ந்து உதிரும். கூடினால் மழைக்காலத்தில் காயாமல் பிசுபிசுத்து வழியும்.

விழுது சரியாக இருந்தும் அறுந்தால், முனை தோலில் உரசுகிறது. ஒரு அரிசி உயரம் தூக்கிப் பிடித்து, நூலைக் கிடத்துவதுபோல விழவிடுங்கள்.

கடைக் கோன் பழகக்கூட வேண்டாம். இயற்கை விழுது வெளியில் வைத்தால் சில நாளில் வீரியம் இழந்துவிடும். ஃப்ரீசரில்தான் மாதக்கணக்கில் நிற்கும். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் சிவக்கிற கோனில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோனை மற்றவர் கையில் தொடவே விடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பிபிடி என்கிற தலைச்சாய ரசாயனம். தோல் கொப்பளித்துப் போவதோடு, பிறகு தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமை வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடலாம். நல்ல மருதாணி உதிர்த்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும்; கருஞ்சிவப்பாக இரண்டு நாள் ஆகும். போட்டுக்கொள்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாள் முடிந்தவரை தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.