தனியார் கலெக்‌ஷன்ல இருக்கற ஆஸ்திரேலியப் பழங்குடியினரோட பாலைவன ஓவியங்களை எல்லாரும் பாக்கற மாதிரி ஆன்லைன்ல போடலாமா?

போடலாம், ஆனா காசு குடுத்து வாங்கியாச்சு இனி நம்ம இஷ்டம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஓவியம்தான் உங்களோடது, அதை போட்டோ எடுத்து வெப்சைட்ல போடற உரிமை பொதுவா வரைஞ்சவர்கிட்டதான் இருக்கும், அவர் இறந்துட்டா 70 வருஷத்துக்கு அவரோட வாரிசுங்களுக்கு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1971-72ல நடு ஆஸ்திரேலியாவுல இருக்கற பாபுன்யாங்கற ஊர்ல ஜெஃப்ரி பார்டன்னு ஒரு ஸ்கூல் வாத்தியார் பெயிண்ட் குடுத்து ஊக்கப்படுத்த, அங்கிருந்த பெரியவங்க கையில கிடைச்ச ஹார்ட்போர்டு துண்டுலல்லாம் வரைய ஆரம்பிச்சாங்க, அந்த ஓவியங்கள்ல வட்டத்துக்குள்ள வட்டம்னா தண்ணி இருக்கற இடமாவோ தங்கற இடமாவோ இருக்கலாம், யு மாதிரி வளைவு உக்காந்திருக்கற ஆள், ஆனா சில பலகைகள்ல பெண்களும் தீட்சை வாங்காத பசங்களும் பாக்கவே கூடாத சடங்கு விஷயங்களும் அப்படியே வந்துடுச்சு. அவங்க ஜனங்களே அதை எதிர்த்த பிறகுதான் அந்த மாதிரி விஷயங்களை வெளிய தெரியற மாதிரி வரையறதைக் குறைச்சாங்க. அதனால அந்தக் காலத்துப் பலகை உங்ககிட்ட இருந்தா முதல்ல பாபுன்யா டூலா ஆர்ட்டிஸ்ட்ஸ் கிட்ட கேளுங்க (1972ல ஓவியர்களே ஆரம்பிச்ச கம்பெனி, இன்னும் நடக்குது), வேண்டாம்னு சொன்னா அந்த ஒண்ண விட்டுடுங்க, தயவுசெஞ்சு.

நேர்ல காட்டணும்னா மியூசியத்துக்கே குடுத்துடறது எனக்குப் பிடிச்ச வழி. அமெரிக்கப் பணக்காரர் ஜான் க்ளூகி தன்னோட பழங்குடி ஓவிய கலெக்‌ஷனை அப்படித்தான் 1997ல அங்க இருக்கற வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்குக் குடுத்தார், இன்னிக்கு அது க்ளூகி-ரூ மியூசியம். இன்னொண்ணு, இறந்துபோன ஓவியரோட பேரு, போட்டோ வருதுன்னா பக்கத்தோட மேலயே எச்சரிக்கை போட்டுடுங்க, பல சமூகங்கள்ல அது ரொம்ப வலிக்கற விஷயம்.