மே மாதத்தில் மறைந்த புளூபெல்ஸ் செத்துவிட்டதா?

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறோம். அந்த மண்ணுக்கே உரிய பூச்செடிகளாகத் தேடி வர்ஜீனியா புளூபெல்ஸ், பிளட்ரூட், கொலம்பைன் மூன்றையும் பின்கட்டு மேப்பிள் மரத்தடியில் வைத்தோம். ஏப்ரலில் அழகாகப் பூத்தன. மே கடைசியில் புளூபெல்ஸ் இலையெல்லாம் மஞ்சளாகித் தரையோடு சாய்ந்துவிட்டது. தண்ணீரையும் உரத்தையும் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. இப்போது அந்த இடம் வெறும் மண். தோண்டிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து தோண்டாதீர்கள். உங்கள் செடி சாகவில்லை, மண்ணுக்குள் தூங்குகிறது.

புளூபெல்ஸ் இலையுதிர் காடுகளில் வளரும் செடி. மரங்கள் இலை விட்டுவிட்டால் அங்கே தரைக்கு வெயில் அவ்வளவாகக் கிடைக்காது. ஆகவே மேலே கிளைகள் மொட்டையாக இருக்கும்போதே இது முளைத்து, பூத்து, விதைத்து முடித்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் இலைகள் சமைத்த உணவுதான் வேரில் சேர்ந்து அடுத்த ஆண்டுப் பூவாக வரும். பிறகு இலையை வைத்துக்கொண்டு அதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நீங்கள் கண்ட மஞ்சள் நோயல்ல, வேலை முடிந்ததற்கு அடையாளம்.

அதனால் உரத்தை இன்றே நிறுத்துங்கள். தூங்கும் வேருக்கு அது தேவையில்லை. தண்ணீரும் அப்படியே, ஈரம் தேங்கி நின்றால் வேர் அழுகும். தண்ணீர் கவனம் வேண்டியது மார்ச், ஏப்ரலில். மேப்பிளின் வேர்கள் மேலாகவே படர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், வசந்தத்தில் மழை தவறினால் மண் ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள்.

பூ முடிந்ததும் இலையை வெட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பார்க்க நன்றாக இல்லை என்று பச்சை இலையை அறுத்தால் அடுத்த ஆண்டுச் சாப்பாட்டையே பறிப்பதாகும். இலை முழுக்கப் பழுத்து, லேசாக இழுத்தாலே கையோடு வரும்வரை விடுங்கள். அதற்குள் விதையும் உதிர்ந்திருக்கும். அந்த நாற்றுகள் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், களையென்று பிடுங்கிவிடாதீர்கள்.

இலை மறையுமுன் ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு குச்சியோ தட்டைக் கல்லோ வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். நான் ஒரு வருடம் அதைச் செய்யாமல், காலி இடம்தானே என்று செப்டம்பரில் களைக்கொத்தைப் போட்டேன். அதேபோல மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிளட்ரூட் கிழங்கு இரண்டாக வெட்டுப்பட்டு, வெட்டிய முகத்தில் செம்மஞ்சளாகச் சாறு பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து நின்றது. பெயருக்கு ஏற்ற இரத்தம்தான். அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கக்கூடியது, வாயில் படவே கூடாது. இந்தக் கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

வெறும் மண்ணாகத் தெரிவது உறுத்துகிறது என்றால் நடுவே பெரணியும் (ஃபெர்ன்) காட்டு இஞ்சியும் வையுங்கள். கிறிஸ்துமஸ் பெரணி குளிர்காலத்திலும் பச்சையாகவே இருக்கும். புளூபெல்ஸ் படுத்ததும் இதன் புது இலைகள் விரிந்து இடத்தை மூடிவிடும். இரண்டும் அதே காட்டின் செடிகள்தாம். நடும்போது குச்சி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நடுங்கள்.

இலையுதிர்காலத்தில் மேப்பிள் சருகை வாரிக் குப்பையில் போடாதீர்கள். காட்டில் இந்தச் செடிகளுக்கு உரமும் போர்வையும் அதுதான். முழு இலைகள் நனைந்து அட்டைபோல ஒட்டிக்கொண்டால் முளை திணறும். எனவே நொறுக்கி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள்.

பிளட்ரூட் விதையை உற்றுப் பாருங்கள். பளபளக்கும் விதையின் ஒரு பக்கம் வெள்ளையாக ஒரு சதைத்திரி ஒட்டியிருக்கும். அதைத் தின்னத்தான் எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகின்றன. சதையைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். அங்கே அது முளைக்கும். நடாத இடத்தில் பிளட்ரூட் எழுந்தால் அது எறும்பின் வேலை. இதற்காகவே அந்தப் பாத்தியில் எறும்பு மருந்து தூவ வேண்டாம் என்பேன்.

கொலம்பைன் வேறு ரகம். கோடையில் மறையாது, ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. இலையில் வெள்ளைக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடினால் அது இலைக்குள் துளைத்துப் போகும் புழு, செடி சாகாது. பூ முடிந்தபின் அந்த இலைகளை அடியோடு வெட்டினால் புதிதாகத் துளிர்க்கும். தாய்ச்செடிக்கு ஆயுள் சில ஆண்டுகளே. அதனால் காய்கள் வெடித்துக் கறுப்பு விதைகள் தரையில் கொட்டட்டும். மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும்.

அடுத்து பலருக்கும் டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடி மேல் ஆசை வரும். வெள்ளை டிரில்லியம் விதையிலிருந்து பூக்க ஏழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் காட்டிலிருந்து தோண்டி எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் நர்சரியில், "இது விதை போட்டு நீங்களே வளர்த்ததா, காட்டிலிருந்து எடுத்துவந்து தொட்டியில் வைத்ததா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.